விருந்துக் காய்கறிகள் தேறிய விவரம்

என் பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான், உங்கள் தங்கை, மகள், சென்ற வாரம் பழுது பார்த்த குளிர்சாதனப் பெட்டி ஆகிய அனைவரும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலியையும் விசாரிப்பதுதான் முறை. ஆனால் அது சுகமாக இருந்தால் நீங்கள் சுகமாக இல்லை என்று அர்த்தமாகிவிடும். ஆகவே அதை மட்டும் நலம் விசாரிக்காமல் விடுகிறேன்.

நிற்க. நேற்று உங்கள் தங்கை உங்களோடு ஃபோனில் பேசியதை நான் ஒட்டுக் கேட்கவில்லை. பக்கத்தில் பீட்ரூட் தோல் சீவிக்கொண்டிருந்தேன், காது தானாக அந்தப் பக்கம் போனது. "அண்ணே, நம்ம வீடு பெயிண்ட் கம்பெனி ஆயிடுச்சு. நான் வாட்ச்மேன் மாதிரி வாசல்ல உட்கார்ந்திருக்கேன்" என்று அவள் சொன்னாள். அதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பு ஃபோனைத் தாண்டி வந்து என் கையிலிருந்த பீட்ரூட்டை ஆட்டியது. போகட்டும், சிரிப்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. நான் பெயிண்ட் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் தலை நரைத்தவன். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும், எழுத்தில் இருந்தால்தான் பிற்பாடு யாரும் மாற்றிப் பேச முடியாது என்பதை அங்கே கற்றவன். ஆகவே உண்மை நிலவரத்தை எழுத்தில் தருகிறேன். எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. விருந்துக்கான காய்கறி வகைகள் அத்தனையும் முன்கூட்டியே சமைத்து, ஆறவைத்து, டப்பாக்களில் அடைத்துத் தயாராக வைத்திருக்கிறேன். நீங்கள் வெறுங்கையோடு வரலாம். சாப்பிடும் நேரத்துக்கு வந்தாலே போதும்.

விஷயம் எங்கே ஆரம்பித்தது என்பது உங்களுக்குத் தெரியும், ஆனாலும் முறைப்படி முதலிலிருந்து சொல்கிறேன். போன வருட விடுமுறை விருந்தில் நாம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். உங்கள் தங்கை மட்டும் வழக்கம்போல அடுப்படிக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டிருந்தாள். நம் குடும்பத்துக்கு ஒரு வினோதமான நாக்கு. மற்றதெல்லாம் ஆறிப்போயிருந்தாலும் வாய் திறக்காமல் சாப்பிடுவோம், காய்கறி மட்டும் அடுப்பிலிருந்து நேரே தட்டுக்கு வர வேண்டும். ஆறின பீன்ஸை உங்கள் அப்பா தட்டின் ஓரத்துக்குத் தள்ளி வைப்பார், அதைப் பார்த்து நீங்கள் தள்ளினீர்கள், உங்களைப் பார்த்து நானும் தள்ளப் பழகிவிட்டேன். அதனால் அவள் சூடாக்கிக் கொண்டுவந்து, பரிமாறி, மறுபடி போய்ச் சூடாக்கி, நாம் எல்லோரும் கை கழுவின பிறகு தனியாக உட்கார்ந்து, மிச்சம் மீதியை ஆறின பிறகு சாப்பிடுவாள். அன்றைக்கு நீங்கள் கரண்டியைக் கீழே வைத்தீர்கள். "மச்சான், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என் தங்கச்சி இந்த மேஜையில எங்ககூட உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்ல. அடுத்த வருஷமும் இப்படித்தான்னா இப்பவே சொல்லிடுங்க, விருந்தை என் வீட்டுக்கு மாத்திடறேன்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த வருஷம் காய்கறி மொத்தமும் என் பொறுப்பு. அவ நம்மளோட உட்காருவா" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் மச்சான், இந்த ஒரு வருடமாக என் காதிலேயே நிற்கிறது. கேலியாகச் சிரித்திருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். 'பெரியவனானதும் உனக்கு ஏரோப்ளேன் வாங்கித் தரேன்' என்று பிள்ளை சொன்னால் அம்மாக்கள் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள்.

யோசித்துப் பார்த்ததில் தீர்வு எளிது என்று புரிந்தது. பெயிண்டை யாராவது சுவரோரம் நின்றுகொண்டா தயாரிக்கிறார்கள்? தொழிற்சாலையில் செய்து, டப்பாவில் அடைத்து வைக்கிறார்கள். வேண்டும்போது திறந்து, கலக்கி, அடிக்க வேண்டியதுதான். காய்கறியை மட்டும் விருந்தன்றே ஏன் நறுக்கிக்கொண்டு நிற்க வேண்டும்? பருவத்துக் காயாக வாங்கி, முன்னாலேயே சமைத்து, குளிரில் வைத்து, தாங்குகிறதா என்று சோதித்துவிட்டால், விருந்தன்றைக்குச் சூடு பண்ணுவது ஒன்றுதான் வேலை. அதை நானே செய்துவிடுவேன், அவள் உட்கார்ந்திருப்பாள். இத்தனை சுலபமான விஷயம் நம் இரண்டு குடும்பத்திலும் இதுவரை யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

சந்தைக்கு நானே போனேன். கையில் என் பழைய வண்ண அட்டையை எடுத்துக்கொண்டேன், சுவருக்கு நிறம் தேர்ந்தெடுக்கக் கடைகளில் விசிறி மாதிரி விரித்துக் காட்டுவார்களே, அதேதான். பூசணிக்காயைக் கீறச் சொல்லி, அட்டையை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். நான் எதிர்பார்த்த மஞ்சளுக்கு ஒரு படி கீழே இருந்தது. இன்னொன்றைக் கீறச் சொன்னேன், அது ஒரு படி மேலே போய்விட்டது. மூன்றாவதையும் கீறிய பிறகு காய்கறிக்கார அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "சார், இதை நீங்க திங்கப் போறீங்களா, சுவத்துக்கு அடிக்கப் போறீங்களா? கீறினது மூணும் உங்க தலையிலதான், எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க" என்றார். ஆகவே மூன்று பூசணிக்காய்களோடும், பீன்ஸ், பீட்ரூட், காரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு நிறைந்த இரண்டு பைகளோடும் பேருந்தில் ஏறினேன். ஒரு திருப்பத்தில் காலடியிலிருந்த பூசணிக்காய் ஒன்று உருண்டு, கீறிய வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு ஓட்டுநர்வரைக்கும் போனது. பிரேக் பக்கத்தில் அதைப் பார்த்த ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டார். மற்ற இரண்டும் என் மடியில் இருந்ததால் மறுக்க வழியில்லை. முன்னால் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். பேருந்தே கை தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சமையலறை வாசலில், தரையின் குறுக்கே டேப் ஒட்டினேன். பெயிண்ட் அடிக்கும்போது ஓரம் பிசகாமலிருக்க ஒட்டுவார்களே, அந்த டேப். "இந்தக் கோட்டைத் தாண்டி நீ வரக் கூடாது" என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். "என் அடுப்படிக்குள்ள நான் வரக் கூடாதா?" என்றாள். "விருந்து முடியற வரைக்கும்தான்." "அப்ப காப்பி?" "நான் போட்டுத் தரேன்." "அப்ப எனக்குக் காப்பியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வாட்ச்மேன் என்று உங்களிடம் புலம்பினாளே, அந்த உத்தியோகம் நான் கொடுத்ததல்ல, அவளாக ஏற்றுக்கொண்டது. அங்கே உட்கார்ந்து வாரப் பத்திரிகை படிப்பாள். நான் வாணலியில் வெங்காயத்தைப் போடுவேன். "தீயைக் குறைங்க" என்பாள், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். குறைப்பேன். "அவ்வளவு குறைக்கச் சொன்னேனா?" என்பாள். "பார்க்காமலே எப்படிச் சொல்ற?" என்று கேட்டால், "எண்ணெய் கத்துதே, கேக்கலையா?" என்பாள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெயிண்ட் கலக்கும் இயந்திரங்களுக்கு நடுவே பாதிக் காதை விட்டுவிட்டு வந்தவன் நான்.

முதல் சோதனை பீன்ஸ். வேகவைத்து, பூண்டு சேர்த்து வதக்கி, ஆவி பறக்கப் பறக்க டப்பாவில் போட்டு, மூடியை அழுத்திக் குளிரில் வைத்தேன். மறுநாள் திறந்தால் பச்சை போய்விட்டிருந்தது. அந்த நிறம் என் வண்ண அட்டையிலும் இருக்கிறது, அலுவலகங்களின் பின்பக்கக் கதவுகளுக்கு நிறைய வாங்குவார்கள், சாப்பிடுவதற்கென்று யாரும் கேட்டதில்லை. "முக்கால் வேக்காட்டுல எடுத்து உடனே ஐஸ் தண்ணியில போட்டிருக்கணும். சூட்டோட மூடினா உள்ளயே புழுங்கிடும். ஆறினப்புறம் மூடணும்" என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. நெடிய ஆராய்ச்சிக்குப் பிறகு நானும் இதே முடிவுக்குத்தான் வந்தேன் என்பதை இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

பூசணி மசியல் வேறு வகைத் தொல்லை கொடுத்தது. மறுநாள் பார்த்தால் மேலே தண்ணீர் தெளிந்து நின்றது, அடியில் கெட்டியாக இறங்கியிருந்தது. இதில் என் அனுபவம் கைகொடுக்கும் என்று நினைத்தேன், ஏனென்றால் பெயிண்டிலும் இப்படித்தான் பிரியும், கலக்கினால் சேர்ந்துவிடும். கலக்கினேன், சேர்ந்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பிரிந்தது. "உப்பை முன்னாடியே போட்டா தண்ணி விடாம என்ன செய்யும்? சூடு பண்றப்ப போடுங்க, அடுப்புலயே வத்தவும் விடுங்க" என்றாள். அதுவும் சரிப்பட்டு வந்தது. ஆனால் டப்பாக்களை மேஜை உயரத்திலிருந்து கீழே போட்டுச் சோதிப்பது எங்கள் தொழிற்சாலை வழக்கம், லாரியில் போகும்போது மூடி திறந்துகொள்ளுமா என்று பார்ப்பதற்காக. நம் டப்பாக்கள் லாரியில் போகப் போவதில்லை என்பது போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம், மசியல் எதிர்ச் சுவரில். ஆனால் மச்சான், உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரே பூச்சில் சுவர் மறைந்துவிட்டது. அந்தப் பிடிமானத்தை எங்கள் கம்பெனியின் உயர்தர வகையில்கூட நான் பார்த்ததில்லை.

பீட்ரூட்டையும் காரட்டையும் சேர்த்து வாட்டியது நிறத்தில் முதல் நாளே தேறிவிட்டது. எந்த அளவுக்கு என்றால், வெட்டும் பலகையில் தேறியது, என் பனியனில் தேறியது, சுவிட்ச் பலகையில் தேறியது, துவைத்த பிறகும் தேறியது. மாடிவீட்டுத் தையல்காரரின் பூனை ஜன்னல் வழியாக வந்து, சீவிப் போட்ட தோலில் நடந்து, மேலே திரும்பிப் போய் அவர் விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணியின்மேல் உலாவியிருக்கிறது. அவர் அந்தத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குத் தைக்க வேண்டிய டாக்டர் கோட்டுத் துணி, அதில் வரிசையாகச் சிவப்புப் பாதங்கள். "சார், இதைப் போட்டுக்கிட்டு எந்த டாக்டர் சார் ஊசி போடுவாரு?" என்று சத்தம் போட ஆரம்பித்தவர், பேச்சின் நடுவில் மூக்கை உறிஞ்சினார். நான் ஒரு தட்டில் கொஞ்சம் வைத்து நீட்டினேன். சாப்பிட்டார். "எப்படி இருக்கு?" என்றேன். "இவ்வளவுல எப்படி சார் சொல்ல முடியும்? இன்னும் கொஞ்சம் போட்டாத்தான் சொல்ல முடியும்" என்றார். போட்டேன். அந்தத் துணியைக் குழந்தைகள் வார்டுக்கு என்று சொல்லித் தைத்துவிடலாம் என்பது மூன்றாவது தடவை வாங்கிச் சாப்பிட்ட பிறகு அவருக்கே உதித்த யோசனை.

இப்படியாகச் சுவை பார்க்கும் குழு அமைந்தது. சமைத்தவனே தேர்ச்சி கொடுக்கக் கூடாது என்பது என் தொழில் தர்மம். தையல்காரர் ஒருவர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கும் உங்கள் மருமகள், அதாவது என் மகள், வேலை முடிந்து வந்ததும் இன்னொருவர். உங்கள் தங்கை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, கொடுப்பதை நாக்கின் நுனியில் மட்டும் வைத்துப் பார்ப்பாள். ஒவ்வொரு வகையையும் சமைத்த அன்றும், குளிரில் வைத்த பிறகும், சூடு பண்ணிய பிறகும் மாதிரி எடுத்துக் குழுவுக்குக் கொடுத்தேன். உருளைக்கிழங்கை வட்ட வட்டமாக அடுக்கி, பாலாடை ஊற்றி வேகவைத்தது முதல் சோதனையிலேயே தேறியது. அந்த உற்சாகத்தில் இன்னும் நாள்பட நிற்குமா என்று உறைபெட்டியில், அதாவது ஃப்ரீசரில், வைத்துத் தொலைத்தேன். வெளியே எடுத்ததும் பாத்திரம் துலக்கும் பஞ்சு மாதிரி தண்ணீராக விட்டது. மகள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு யோசித்தாள். "அப்பா, இதை எக்ஸ்ரே எடுத்தா உள்ள ஒண்ணுமே தெரியாதுப்பா" என்றாள். தையல்காரர் மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டால் சொல்கிறேன் என்றார். தேறாத டப்பாவையும் கீழே கொட்ட விடாத மனிதர், அந்த வகையில் அவர் நமக்குப் பெரிய உதவி.

மச்சான், இடையில் ஒரு நாள் மட்டும் எனக்கு நம்பிக்கை ஆடியது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முட்டைக்கோஸை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரிலிருந்த பூசணியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை பத்திரிகையைப் போட்டுவிட்டு எழுந்தாள், டேப்பை ஒரே எட்டில் தாண்டி உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். அடி பிடிக்க ஆரம்பித்திருந்தது. எனக்கு அதுகூட உறைக்கவில்லை, அவள் கோட்டைத் தாண்டியதுதான் உறைத்தது. "ஒப்புக்கிட்டதை மீறிட்டியே" என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "நீங்க சமைக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லைங்க. அன்னிக்கு நான் மேஜையில உட்கார்ந்தா மட்டும் என்ன? காது அடுப்புலயேதான் இருக்கும். இங்க வேற யாராவது கேட்டுக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சாத்தானே நான் என் காதை எடுக்க முடியும்?" என்று சொல்லிவிட்டு, மறுபடி கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனை டப்பாவும் தேறினாலும் அவள் எழுந்து எழுந்து ஓடுவாள் என்று அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் விருந்தை உங்கள் வீட்டுக்கு மாற்றினாலும் அவள் அங்கே அக்காவின் அடுப்பைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். எனக்கு நிஜமாகவே பயமாகிவிட்டது.

அன்றைக்கு முழுக்க வேறு எதையும் சமைக்கவில்லை. வாணலியில் வெங்காயத்தைப் போட்டுவிட்டு, காதால் மட்டும் சமைக்கக் கற்றுக்கொள்ள அடுப்புக்கு முதுகைக் காட்டி நின்றேன். "இப்ப என்ன?" என்று அவள் நாற்காலியிலிருந்து கேட்பாள், நான் சொல்ல வேண்டும். வெங்காயத்தில் ஈரம் இருக்கிற வரைக்கும் சளசளவென்று பேசும், ஈரம் போகப் போகக் குரல் மெலிந்துவிடும், கருகப் போகும்போது ஒரு கணம் பேச்சே நின்றுபோகும். பூசணி வற்றும்போது கொப்பளம் மெதுவாக வெடிக்கும், அடி பிடிக்கிறபோது அந்த வெடிப்பு கனத்துவிடும். பாதிக் காதை வைத்துக்கொண்டு இதையெல்லாம் பிடிக்க முடியுமா என்று மகள் சந்தேகப்பட்டாள். முடிந்தது. நிறைய வெங்காயம் செலவாயிற்று, வீட்டில் எல்லோரும் அழுதோம், ஆனால் முடிந்தது. கடைசியில் "இப்ப என்ன?" என்று அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் திரும்பித் தீயைக் குறைத்தேன். அவள் பத்திரிகையை எடுத்துப் பக்கத்தைப் புரட்டினாள்.

ஆகவே இன்றைய நிலவரம் இதுதான். புதிதாகக் காய் வாங்கி, கற்றுக்கொண்டதையெல்லாம் சேர்த்து, கடைசித் தடவையாகச் சமைத்தாகிவிட்டது. பீன்ஸ் பச்சையாக இருக்கிறது. பூசணி பிரியவில்லை. உருளைக்கிழங்கை உறைபெட்டிப் பக்கமே விடவில்லை. பீட்ரூட்டுக்கும் பூனைக்கும் நடுவே மூடிய ஜன்னல் இருக்கிறது. முட்டைக்கோஸைப் பற்றித் தையல்காரர் முதன்முறையாக, இன்னும் கொஞ்சம் கேட்காமலே நன்றாக இருக்கிறது என்று சொன்னார், பிறகு கேட்டார். டப்பாக்கள் நிறைந்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வரிசையாக நிற்கின்றன. இனி பாக்கி முழு ஒத்திகை ஒன்றுதான், சரக்கு வெளியே போகுமுன் அதையும் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. சற்று நேரத்தில் எல்லா வகையிலும் ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி மட்டும் எடுத்துச் சூடு பண்ணி, மேஜை போட்டு, விருந்தில் நடப்பதுபோலவே நடத்திப் பார்க்கப் போகிறேன். முடிவு எனக்கு இப்போதே தெரியும். மகள் வேலைக்குப் போகும் வழியில் உங்கள் வீட்டில் இதைச் சேர்ப்பாள்.

அக்காவுக்கு என் வணக்கம். அவர்கள் அன்பாக எதையாவது சமைத்து எடுத்து வருகிறேன் என்று சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள், குளிர்சாதனப் பெட்டியில் இடமில்லை. வீட்டுப் பிள்ளைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள், அவர்கள் நோய் நொடியில்லாமல், காய்கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளாமல் வாழட்டும். உங்கள் முழங்கால் படி ஏறும் அளவுக்காவது உங்களுக்குக் கட்டுப்படட்டும். விருந்து நம் வீட்டில்தான் என்பதில் இனி யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

இப்படிக்கு,
சொன்ன சொல்லைக் காப்பாற்றிய திருப்தியில்,
உங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: ஒத்திகை முடிந்துவிட்டது. மேலே எழுதியது அத்தனையும் ரத்து.

நடந்ததைச் சொல்கிறேன். மேஜை போட்டேன். யார் யார் எங்கே உட்கார்வார்களோ அதேபோல உட்கார ஆள் வேண்டும் என்பதால், தையல்காரரை அக்காவின் இடத்திலும், உங்கள் தங்கையை உங்கள் நாற்காலியிலும் உட்காரச் சொன்னேன். "நான் உட்காரலை, அண்ணன் உட்கார்ந்திருக்காரு" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் உங்களைப் போலவே கால் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல் முனகினாள். பீன்ஸைக் கரண்டியால் தூக்கிப் பார்த்து, "ஏன் மச்சான், இது போன வருஷத்துதா?" என்று உங்கள் குரலிலேயே கேட்டாள். மகள் சிரித்ததில் புரையேறிவிட்டது. தையல்காரர் அக்காவாக நடிப்பதை மறந்துவிட்டுத் தட்டை நீட்டினார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்த சத்தத்தில், உள்ளே பூசணியின் கொப்பளம் கனத்தது. உங்கள் தங்கையின் கை நாற்காலிப் பிடிக்குப் போனதைப் பார்த்தேன். ஆனால் மச்சான், அவள் எழுவதற்கு முன்னால் நான் அடுப்படியில் இருந்தேன். தீயைக் குறைத்து, ஒரு கிளறு கிளறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடியிலிருந்து கையை எடுத்தாள், சாய்ந்து உட்கார்ந்தாள்.

பிறகு சாப்பிட ஆரம்பித்தாள். உங்கள் குரல் போய்விட்டது, அவள் குரலில், "இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றாள். போட்டேன். உருளைக்கிழங்கை ஆவியோடு வாயில் வைத்துக்கொண்டு, "சூடா இருக்குங்க" என்றாள். அதையும் சாப்பிட்டு முடித்துவிட்டு, "இதெல்லாம் இவ்வளவு நல்லா இருக்கும்னு தெரியாமலே இத்தனை வருஷம் உங்களுக்கெல்லாம் ஆக்கிப் போட்டிருக்கேன்" என்றாள். அதைக் கேட்ட பிறகு ஒரு கரண்டிதான் கணக்கு என்று எந்த வாயால் சொல்வது? எனக்குக் கண் கலங்கிவிட்டது, இந்தத் தடவை வெங்காயம் ஒன்றும் அடுப்பில் இல்லை. டப்பா டப்பாவாகத் திறந்தேன், சூடு பண்ணினேன், அவள் கேட்கக் கேட்கப் போட்டேன். மற்றவர்களும் சும்மா இருப்பார்களா? கடைசி டப்பாவைத் தையல்காரர் விரலால் வழித்துவிட்டார். விருந்துக்கென்று இப்போது வீட்டில் ஒரு துண்டுக் காய்கூட இல்லை.

ஆகவே வெறுங்கையோடு வர வேண்டாம். சாப்பிடும் நேரத்துக்கும் வர வேண்டாம். விருந்தன்றைக்கு விடிந்ததும் சந்தைக்குப் போய், பீன்ஸிலிருந்து பூசணிவரை வாங்கிக்கொண்டு, அழுக்கானால் பரவாயில்லை என்கிற ஒரு சட்டையில் வந்து சேருங்கள். காயை அட்டை வைத்துப் பார்க்க வேண்டாம். நான் சமையலறை மேடைமேல் காகிதத்தை வைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். தட்டுகள் இன்னும் கழுவவில்லை. உங்கள் தங்கை இன்னமும் மேஜையில் உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து மகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள், எழுந்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இடம் இனிமேல் அவளுக்குத்தான். நீங்களும் நானும் அடுப்படியில் நிற்கப் போவதால் உங்களுக்கு வேறு நாற்காலி தேவைப்படாது.